ஏழாண்டு இற்றைப்படுத்தலும் புதிய பற்றரிகளும்: கொழும்பில் இப்போது எந்தத் திறன்பேசியை வாங்குவது?

சுடரோன், வெள்ளவத்தை

புதிய திறன்பேசி ஒன்று வெளியாகும் ஒவ்வொரு முறையும் நாம் சில்லின் வேகத்தையும் கமராவின் மெகாபிக்சலையும் பற்றியே கதைக்கிறோம். நானும் அவற்றை விரும்பிப் படிப்பவன்தான். வெளியீட்டு நிகழ்வுகளை நள்ளிரவிலும் விழித்திருந்து பார்ப்பவன். ஆனாலும் கடந்த சில ஆண்டுகளில் கைப்பேசித் துறையில் நடந்தவற்றுள், கொழும்பில் மாதச் சம்பளத்தில் வாழும் ஒருவருக்கு உண்மையாகப் பயன்படும் மாற்றங்கள் வேறோர் இடத்தில் நடந்திருக்கின்றன என்பது என் உறுதியான கருத்து. ஒரு கருவி எத்தனை ஆண்டு தாக்குப்பிடிக்கும் என்பதில்தான் அவை நடந்திருக்கின்றன. அதைப் பற்றி மட்டும் கதைப்பதற்காக இவ்விழையைத் தொடங்குகிறேன்.

2022 மார்ச் மாதத்தில் ரூபா மிதக்க விடப்பட்டதையும், 200 ரூபா அளவில் நின்ற டொலர் அவ்வாண்டு மே மாதத்திற்குள் 360 ரூபாவை எட்டியதையும் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். நாம் வாங்கும் கைப்பேசிகள் இறக்குமதிப் பொருட்கள்; டொலர் ஏறிய அளவுக்கு அவற்றின் விலையும் ஏறியது. 2024 ஜனவரி முதலாம் திகதி வற் வரி 18 வீதமாக உயர்ந்தது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை போன் மாற்றிய குடும்பங்கள் பல இப்போது நான்கு, ஐந்து ஆண்டுகளுக்கு ஒன்றையே வைத்திருக்கின்றன. ஆகவே விலையைக் கேட்கும்போதே, அந்த விலை எத்தனை ஆண்டுக்கு என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் மென்பொருள் இற்றைப்படுத்தல் (அப்டேட்). 2023 ஒக்டோபரில் பிக்சல் 8 வரிசையை வெளியிட்ட கூகுள், ஏழு ஆண்டுகளுக்குப் புதிய அன்ட்ரொய்ட் பதிப்புகளையும் பாதுகாப்புத் திருத்தங்களையும் தருவதாக அறிவித்தது. 2024 ஜனவரியில் கெலக்ஸி எஸ்24 வரிசைக்கு சாம்சங்கும் அதே ஏழாண்டை வாக்களித்தது. இவை விலை கூடியவை. நம்மிற் பலர் கடையில் கையிலெடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பவை. எனக்கு இவற்றைவிடப் பெரிய செய்தியாகப் பட்டது, அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த கெலக்ஸி ஏ16 5ஜி. சாம்சங்கின் மலிவான வரிசையைச் சேர்ந்த அக்கருவிக்கு ஆறு அன்ட்ரொய்ட் பதிப்புகளும் ஆறாண்டுப் பாதுகாப்புத் திருத்தங்களும் கிடைக்கும் என்று எழுத்தில் தரப்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன்பு, அதைப்போல் பல மடங்கு விலை கொடுத்தவருக்கும் அந்த உறுதி கிடைக்கவில்லை.

இங்கே ஒரு விடயத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஆறாண்டும் ஏழாண்டும் எண்ணப்படுவது கருவி சந்தைக்கு வந்த நாளிலிருந்து. நாம் வாங்கிய நாளிலிருந்து அல்ல. இரண்டாண்டு மட்டுமே வாக்களிக்கப்பட்ட ஒரு மலிவுக் கருவி கடைத் தட்டில் ஓராண்டு கிடந்தால், அதன் மென்பொருள் ஆயுளில் பாதி கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே கழிந்துவிடும். ‘புத்தம் புதிய பெட்டி, விலையும் குறைப்பு’ என்று விற்பனையாளர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம்; அதனுள் இருக்கும் ஆண்டுகள் பழையவை.

அடுத்தது பற்றரி. கெலக்ஸியின் உச்ச வரிசையை எடுத்துக்கொண்டால், 2020இல் வந்த எஸ்20 அல்ட்ராவிலும் பற்றரிக் கொள்ளளவு 5000 மில்லியம்பியர் மணி (mAh), 2025இல் வந்த எஸ்25 அல்ட்ராவிலும் 5000 மில்லியம்பியர் மணி. அதே காலத்தில் சீன நிறுவனங்கள் பற்றரியின் வேதியியலையே மாற்றிவிட்டன. வழமையான லிதியம் பற்றரியின் எதிர்மின் முனையில் இருப்பது கிராஃபைட். அதன் ஒரு கிராம் கோட்பாட்டளவில் 372 மில்லியம்பியர் மணி மின்னைத் தேக்கும். சிலிக்கனோ எடைக்கு எடை ஏறத்தாழப் பத்து மடங்கு தேக்க வல்லது. ஆனால் மின்னேறும்போது சிலிக்கன் ஊறவைத்த கடலையைப் போல் மூன்று மடங்குக்கும் மேலாக ஊதிவிடும். இறங்கும்போது சுருங்கி விரிசல் விடும். அதனாற்றான் அதைக் காபனுடன் பிணைத்துச் சிறு பங்காக மட்டும் கலக்கிறார்கள். 2023இல் ஹொனர் மெஜிக் 5 புரோவின் சீனப் பதிப்பில் 5450 மில்லியம்பியர் மணியுடன் வந்த இந்தச் சிலிக்கன் காபன் பற்றரி, 2025 ஒக்டோபரில் வெளியான ஒன்பிளஸ் 15இல் 7300 வரை சென்றுவிட்டது. கருவியின் பருமன் கூடவில்லை.

இதனால் நாள் முழுவதும் மின் நிற்கும் என்பது எல்லோரும் சொல்வது. எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறு. பற்றரி தேய்வதைச் சுற்றுகளில் அளக்கிறோம். முழுக் கொள்ளளவுக்குச் சமமான மின் ஒருமுறை செலவானால் ஒரு சுற்று. ஒருவருடைய அன்றாடப் பாவனை 3500 மில்லியம்பியர் மணி என்று வைத்துக்கொண்டால், 7000 கொள்ளளவுள்ள பற்றரியில் அவர் இரண்டு நாளுக்கு ஒரு சுற்றைச் செலவிடுவார். 3500 கொள்ளளவில் ஒவ்வொரு நாளும் ஒன்றைச் செலவிடுவார். சுற்றுக்களின் கணக்கில் மட்டும் பார்த்தால் பெரிய பற்றரி இரு மடங்கு காலம் செல்லும். 2025இல் மெல்லிய கருவிகளின் போட்டி நடந்தபோது நான் மகிழ்ச்சியடையாததற்கு இதுவே காரணம். கெலக்ஸி எஸ்25 எட்ஜ் 5.8 மில்லிமீற்றர், ஐபோன் எயார் 5.6 மில்லிமீற்றர்; முன்னதில் 3900, பின்னதில் 3149 மில்லியம்பியர் மணி மட்டுமே. பொறியியலாக இரண்டும் வியப்புக்குரியவை என்பதை மறுக்கவில்லை. ஐந்தாண்டு வைத்திருக்கப் போகும் ஒருவருக்கு அவற்றை என்னால் பரிந்துரைக்க முடியாது.

உங்கள் அனுபவத்தையும் கருத்தையும் எழுதுங்கள். குறிப்பாக, திருத்தும் வேலையில் இருப்பவர்கள் எழுதினால் எல்லோருக்கும் உதவியாக இருக்கும்.

குறுக்குத்தெரு, புறக்கோட்டை

வணக்கம் சுடரோன். முதலாம் குறுக்குத் தெருவில் நான் செய்வது போன் திருத்தும் தொழில். நீங்கள் எழுதியதை மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

சுற்றுக்களின் கணக்குச் சரி. அதனோடு வெப்பத்தையும் சேர்க்க வேண்டும். அப்பிள் தன் கருவிகளுக்குச் சொல்லும் சூழல் வெப்பநிலை 0 முதல் 35 பாகை செல்சியஸ் வரை. கொழும்பின் பகல் வெப்பம் சாதாரணமாகவே 30 பாகைக்கு மேல் நிற்கிறது. மூடிய வாகனத்துக்குள் அந்த 35 பாகை எந்த நாளும் கடக்கப்படும். என்னிடம் ஊதிய பற்றரியுடன் வரும் போன்களில் பெரும் பகுதி முச்சக்கரவண்டிச் சாரதிகளுடையவை. வாடகைச் செயலியை நாள் முழுவதும் திறந்து, முன்கண்ணாடியின் கீழ் வெயில் படும்படி வைத்து, அதே நேரத்தில் மின்னேற்றமும் செய்வார்கள். வெப்பம், நிறைந்த மின், ஓயாத மின்னேற்றம் ஆகிய மூன்றும் சேரும்போது எந்த வேதியியலும் நிலைத்து நிற்காது.

திறந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். பின்கண்ணாடியைச் சூட்டுத் தட்டில் வைத்துப் பசையை இளக்கி, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை ஓரத்தில் செலுத்தும்போது, நல்ல நிலையிலுள்ள போன் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருக்கும். பற்றரி ஊதிய போனில் தகடு தடையில்லாமல் உள்ளே போய்விடும். பற்றரியே கண்ணாடியைப் பாதி தூக்கி விட்டிருக்கும். அதன் கீழே இழுத்தெடுப்பதற்கென்று வைத்த பசை நாடா சூட்டில் காய்ந்து, இழுத்தவுடன் அறுந்துவிடும். அதன்பின் ஐசோபுரோபைல் அல்ககோலைத் துளித்துளியாக விட்டு, பற்றரியை வளைக்காமல், குத்தாமல், பொறுமையாகப் பெயர்க்க வேண்டும். இவ்வளவும் செய்தபின் நீர் புகாத தன்மை பழையபடி இருக்கும் என்று நான் எந்த வாடிக்கையாளருக்கும் உறுதி சொல்வதில்லை. தொழிற்சாலையில் ஒட்டிய பசை ஒருமுறைதான்.

ஆகவே என் ஆலோசனை இது. மென்பொருள் ஏழாண்டு வரலாம். ஆனால் மூன்றாம் அல்லது நான்காம் ஆண்டில் பற்றரியும், பெரும்பாலும் ஒரு திரையும் மாற்ற வேண்டி வரும். அப்போது அந்த மொடலுக்கு உதிரிப்பாகம் இந்தத் தெருவில் கிடைக்குமா என்பதை வாங்கும்போதே விசாரியுங்கள். பெருவாரியாக விற்பனையாகும் ஏ வரிசை, ரெட்மி, ஐபோன் ஆகியவற்றுக்குப் பாகம் தேடி அலைய வேண்டியதில்லை. எவரும் வாங்காத அழகான மொடல் ஒன்றைக் கொண்டுவந்து வைக்கும்போது நானும் கைவிரிக்க வேண்டியிருக்கிறது.

வாணி, தெஹிவளை

இருவரும் எழுதியதைப் படித்தேன். நான் ஆசிரியை; தொழில்நுட்பம் எனக்குத் தொழில் அல்ல. அம்மாவுக்கு ஒரு போன் வாங்க வேண்டும். வட்ஸ்அப்பில் கனடாவிலுள்ள அண்ணாவுடன் கதைப்பது, வங்கிச் செயலி, யூடியூபில் கோயில் திருவிழா பார்ப்பது, இவ்வளவுதான் அவருடைய தேவை.

சுடரோன் அண்ணா, ஏ16 போன்ற கருவிக்கு ஆறாண்டு வாக்குறுதி என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் அடிப்படைப் பதிப்பில் நினைவகம் (RAM) 4 ஜிபி. ஆறாவது ஆண்டில் வரப்போகும் அன்ட்ரொய்ட் அந்த 4 ஜிபியில் ஓடுமா? ஓடினாலும் அம்மாவின் பொறுமைக்குள் ஓடுமா? வாக்குறுதி இருப்பதும் அது பயன்படுவதும் ஒன்றல்ல என்று எனக்குத் தோன்றுகிறது.

சுடரோன், வெள்ளவத்தை

வாணி, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: 4 ஜிபி வேண்டாம். அம்மாவுக்கு எடுக்கும் கருவியில் குறைந்தது 6 ஜிபி, இயலுமானால் 8 ஜிபி நினைவகமும், 128 ஜிபி சேமிப்பும் இருக்கட்டும். பாதுகாப்புத் திருத்தங்கள் 4 ஜிபி கருவிக்கும் பயன்தரும், வங்கிச் செயலி பாவிக்கும் ஒருவருக்கு அவை அவசியமானவை. ஆனால் புதிய பதிப்பு ஒவ்வொன்றும் நினைவகத்தைக் கூடுதலாகவே கேட்கும். வட்ஸ்அப்பும் பழைய பதிப்புகளைக் காலத்துக்குக் காலம் கைவிடுகிறது. 2025 தொடக்கத்தில் அன்ட்ரொய்ட் கிட்கட் கருவிகளிலும், அதே ஆண்டில் பின்னர் பழைய ஐபோன்கள் சிலவற்றிலும் அது நிறுத்தப்பட்டது.

இதையொட்டி ஒரு துறைச் செய்தியையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அது நேரடியாக உங்கள் அம்மாவின் போனைத் தொடுகிறது. உலகின் நினைவகச் சில்லுகளில் மிகப் பெரும் பங்கை சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரோன் ஆகிய மூன்று நிறுவனங்களே செய்கின்றன. செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்களுக்கு வேண்டிய உயர் அலையகல நினைவகம் இப்போது அவர்களுக்குக் கூடுதல் இலாபம் தருகிறது. ஒரே அளவு நினைவகத்துக்கு அது சாதாரண நினைவகத்தைவிட அதிகச் சிலிக்கன் தகட்டை விழுங்குகிறது. தொழிற்சாலைகள் அந்தப் பக்கம் திரும்பியதால், 2025இன் பிற்பகுதியிலிருந்து கைப்பேசிக்கும் கணினிக்கும் செல்லும் நினைவகத்தின் விலை வேகமாக ஏறியது. மைக்ரோன் 2025 டிசெம்பரில், தன் குறூஷல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு நினைவகம் விற்கும் வியாபாரத்திலிருந்தே விலகுவதாக அறிவித்தது.

உச்ச வரிசைக் கருவியில் நினைவகம் விலையின் ஒரு சிறு பங்கு. உற்பத்தியாளர் அதைத் தாங்கிக்கொள்ளலாம். மலிவுக் கருவியில் அது பெரிய பங்கு. அங்கே அவருக்கு இரண்டு வழிகளே உண்டு: விலையை ஏற்றுவது, அல்லது நினைவகத்தைக் குறைப்பது. இரண்டாவது வழி ஆபத்தானது, ஏனென்றால் பெட்டியின் முன்புறத்தில் அது தெரியாது. பெயர் புதிதாக இருக்கும், கமரா எண்ணிக்கை கூடியிருக்கும், நினைவகம் முன்னைய ஆண்டின் மொடலைவிடக் குறைவாக இருக்கும். ‘8 ஜிபி + 8 ஜிபி’ என்று அச்சிட்டிருந்தால் முதலாவது 8 மட்டுமே உண்மையான நினைவகம். இரண்டாவது, சேமிப்பிலிருந்து கடன் வாங்கிய மெதுவான இடம். அதை 16 என்று சொல்லி விற்பதை நான் நேர்மையான வியாபாரமாகக் கருதவில்லை.

நஸீர், தோஹா

அஸ்ஸலாமு அலைக்கும். நான் மருதானையைச் சேர்ந்தவன், கட்டாரில் வேலை செய்கிறேன். விடுமுறையில் வரும்போது தம்பிக்கு ஒரு போன் கொண்டுவர நினைக்கிறேன். இங்கே விலை குறைவு. ஆனால் பதிவு இல்லாத போன் இலங்கையில் இயங்காது என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மை நிலை என்ன? ஏழாண்டு மென்பொருள் இருந்தும் சிக்னல் இல்லையென்றால் என்ன பயன்?

குறுக்குத்தெரு, புறக்கோட்டை

வஅலைக்கும் ஸலாம் நஸீர் நானா. பயமுறுத்தல் அல்ல, உண்மையான விடயம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, 2025 ஜனவரி 28ஆம் திகதி முதல் பதிவற்ற கருவிகளை உள்ளூர் வலையமைப்புகளில் இணைக்க அனுமதியில்லை என்று அறிவித்தது. அதற்கு முன்பே இங்கு பாவனையிலிருந்த போன்களுக்குப் பாதிப்பில்லை. ஆகவே பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே, சொந்தப் பாவனைக்காகக் கொண்டுவரும் கருவிக்கான நடைமுறை அன்றைய திகதியில் என்னவென்று ஆணைக்குழுவிடமே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். கடைக்காரர் வாயால் சொல்வதை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். நானும் கடைக்காரன்தான், அதனால் தயக்கமின்றிச் சொல்கிறேன்.

கொழும்பில் வாங்குபவர்களுக்கு இது இன்னும் எளிது. *#06# என்று அழுத்தினால் அந்தப் போனுக்கேயுரிய 15 இலக்க அடையாள எண்ணான ஐ.எம்.ஈ.ஐ. (IMEI) எண் திரையில் வரும். குறுஞ்செய்தியில் அந்த நான்கு ஆங்கில எழுத்துக்களையும் எழுதி, ஓர் இடைவெளி விட்டு, 15 இலக்கங்களையும் சேர்த்து 1909க்கு அனுப்பினால் பதிவு பெற்றதா இல்லையா என்று பதில் வரும். இரண்டு சிம் போடும் போனுக்கு இரண்டு எண்கள் உண்டு, இரண்டையும் சோதியுங்கள். திரையில் வரும் எண்ணும், பெட்டியில் ஒட்டியிருக்கும் எண்ணும், பற்றுச்சீட்டில் எழுதித் தரும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று மாறினாலும் அந்த இடத்திலேயே போனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வெளிநாட்டு மொடலில் இன்னொரு சிக்கலும் உண்டு. 4ஜி வலையமைப்பிலேயே குரலழைப்புப் போகும் வசதி, கருவியில் இருந்தாலும், உற்பத்தியாளர் அந்நாட்டு நிறுவனத்துக்கென்று திறந்து விட்டிருந்தால்தான் வேலை செய்யும். சில போன்களில் இணையம் 4ஜியில் பறக்கும். அழைப்பு வந்தவுடன் போன் பழைய தலைமுறை வலையமைப்புக்குக் கீழிறங்கி இணையம் நின்றுவிடும். சீனாவுக்கென்று செய்த போனில் உலகப் பதிப்பு மென்பொருளை ஏற்றி விற்பது இதைவிட மோசம். பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும். இற்றைப்படுத்தல் வராது, வங்கிச் செயலி ‘இக்கருவி பாதுகாப்பானதல்ல’ என்று திறக்க மறுக்கும். அப்படி வாங்கியவருக்கு சுடரோன் சொல்லும் ஏழாண்டில் ஒரு நாளும் கிடைக்காது.

இளங்கோ, மொறட்டுவை

பொறியியல் மாணவன் என்ற முறையில் ஒரு மாற்றுக் கருத்தை முன்வைக்க விரும்புகிறேன். ஏழாண்டு வாக்குறுதியை நாம் அளவுக்கு மீறி நம்புகிறோம். பிக்சல் 8இன் ஏழாண்டு நிறைவடைவது 2030இல். எஸ்24இன் ஏழாண்டு 2031இல். இன்றுவரை அவ்வாறு வாக்களிக்கப்பட்ட எந்த அன்ட்ரொய்ட் உச்சக் கருவியும் அக்காலத்தை முடித்துக் காட்டவில்லை. எழுத்தில் உள்ளதும் நடந்து முடிந்ததும் வேறு. நடந்து முடிந்ததைப் பார்ப்பதென்றால் அப்பிளைத்தான் பார்க்க வேண்டும். 2015இல் வந்த ஐபோன் 6எஸ், ஐஓஎஸ் 9இல் தொடங்கி ஐஓஎஸ் 15 வரை பெற்றது. 2018இல் வந்த எக்ஸ்எஸ், ஐஓஎஸ் 18 வரை பெற்று 2025இல்தான் வரிசையிலிருந்து நீங்கியது. வாக்குறுதி எதுவும் பெரிதாகக் கொடுக்காமலே இதைச் செய்தார்கள்.

ஆகவே புதிய நடுத்தரக் கருவிக்குச் செலவிடும் பணத்தில் இரண்டு, மூன்று ஆண்டு பாவித்த ஐபோனை வாங்கினால் சில்லும் கமராவும் பல படி மேலாக இருக்கும், மீதமுள்ள மென்பொருள் ஆண்டுகளும் ஏறத்தாழச் சமமாக இருக்கும். லிபர்ட்டி பிளாசாவில் தேடிப் பார்த்தால் பல நல்ல கருவிகள் உள்ளன. கமராவை முக்கியமில்லாததுபோல் தள்ளிவிடுவதையும் நான் ஏற்கவில்லை. நம்மிற் பெரும்பாலானோரிடம் உள்ள ஒரே கமரா அதுதான்.

சுடரோன், வெள்ளவத்தை

இளங்கோவின் கருத்தில் வலுவுண்டு. முதற்பாதியை முழுவதும் ஏற்கிறேன். ஆனால் வாக்குறுதியைத் தனியே எடுத்துப் பார்க்கக் கூடாது. அதைக் காப்பாற்றுவதற்கு வேண்டிய அடித்தளம் பின்னால் போடப்பட்டு வருகிறதா என்பதையே நான் கவனிக்கிறேன். முன்பு அன்ட்ரொய்ட் கருவிகள் மூன்றாம் ஆண்டில் கைவிடப்பட்டதற்கு ஒரு முக்கிய காரணம், சில்லைச் செய்யும் நிறுவனம் அதற்கான அடிப்படை மென்பொருளைப் புதுப்பிக்காமல் விட்டதுதான். போன் நிறுவனம் விரும்பினாலும் முடியாத நிலை. 2025 பெப்ரவரியில் சில்லு நிறுவனமான குவால்கொமும் கூகுளும் சேர்ந்து, ஸ்னப்டிராகன் 8 எலீட் என்ற சில்லில் தொடங்கி எட்டு ஆண்டு வரையான இற்றைப்படுத்தலுக்கு வழி செய்வதாக அறிவித்திருக்கிறார்கள். அந்தத் தடை நீங்கத் தொடங்கிவிட்டது. இளங்கோ கேட்கும் ‘நடந்து முடிந்த’ உதாரணம் அன்ட்ரொய்டிலும் ஒன்று உண்டு: 2015 இறுதியில் விற்பனைக்கு வந்த ஃபெயார்போன் 2க்கு 2023 மார்ச் வரை இற்றைப்படுத்தல் கிடைத்தது. சிறிய நிறுவனம் ஒன்று பெரும்பாலும் தன் முயற்சியால் செய்து காட்டியது அது.

சட்டமும் வந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் திறன்பேசிகளின் பற்றரி, 800 சுற்றுக்களின் பின்னரும் குறைந்தது 80 வீதக் கொள்ளளவைத் தக்கவைக்க வேண்டும். முக்கிய உதிரிப்பாகங்கள், அந்த மொடலின் விற்பனை நிறுத்தப்பட்ட பின்னரும் ஏழாண்டுக்குக் கிடைக்க வேண்டும். ‘அது ஐரோப்பாவுக்கு, நமக்கென்ன’ என்று கேட்கலாம். யூ.எஸ்.பி. சி வகை இணைப்பை நினைத்துப் பாருங்கள். அதைக் கட்டாயமாக்கியது அவர்களின் சட்டம். 2023இல் வந்த ஐபோன் 15இல் அது உலகம் முழுவதற்குமாக மாறியது. இன்று வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் ஒரே வடத்தில் எல்லோரும் மின்னேற்றுகிறார்கள். ஒரு கருவியின் உட்கட்டமைப்பை நாட்டுக்கு நாடு மாற்றிச் செய்வது நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகாது. பற்றரியிலும் பாகங்களிலும் அதே நன்மை நம்மை வந்தடையும் என்று எதிர்பார்க்கிறேன்.

எல்லாவற்றிலும் அப்படி நடப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 20 வாட் மணி மின்னாற்றலைத் தாண்டும் ஒற்றைப் பற்றரிக் கலம் போக்குவரத்து விதிகளில் அபாயகரமான பொருளாக வகைப்படுத்தப்படுவதால், பல நிறுவனங்கள் சீனாவுக்கு வெளியே சிறிய பற்றரியையே தருகின்றன. ஷியாவோமி 15 அல்ட்ராவின் சீனப் பதிப்பில் 6000, உலகப் பதிப்பில் 5410. ஹொனர் மெஜிக் 7 புரோவில் அங்கே 5850, ஐரோப்பாவில் 5270. சீன வெளியீட்டுச் செய்தியை யூடியூபில் பார்த்துவிட்டு அதே எண்ணை எதிர்பார்த்துக் கடைக்குப் போகாதீர்கள். பெட்டியின் பின்புறத்தில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்.

பாவித்த ஐபோன் பற்றி குறுக்குத்தெரு அண்ணாதான் சொல்ல வேண்டும்.

குறுக்குத்தெரு, புறக்கோட்டை

பாவித்த ஐபோன் நல்ல தெரிவுதான், சோதித்து வாங்கத் தெரிந்தவருக்கு. அமைப்புகளுக்குள் சென்று பற்றரியின் அதிகபட்சக் கொள்ளளவு எத்தனை வீதம் என்று பாருங்கள். ஐபோன் 15 முதல் சுற்றுக்களின் எண்ணிக்கையும் அங்கேயே தெரியும். அதே அமைப்புகளில் பாகங்களின் வரலாறு என்ற பகுதி இருந்தால் அந்தப் போன் ஏற்கெனவே திறக்கப்பட்டது என்று பொருள்; பற்றரியோ திரையோ அசலா, ‘அறியப்படாத பாகம்’ என்று வருகிறதா என்பதை அது சொல்லும். முந்தைய உரிமையாளர் தன் கணக்கிலிருந்து முழுவதுமாக வெளியேறி, போனை வெறுமையாக்கி, உங்கள் கண்முன்னே புதிதாகத் தொடங்கிக் காட்ட வேண்டும். ‘பிறகு எடுத்துவிடலாம்’ என்று சொன்னால் அது பிறகு எடுபடாது.

அப்பிள் பாகங்களைக் கருவியோடு பிணைத்து வைக்கும் முறை எங்களைப் போன்ற சிறு திருத்துநர்களைப் பல ஆண்டுகள் வதைத்தது. அசல் பற்றரியை இன்னொரு ஐபோனிலிருந்து எடுத்துப் போட்டாலும் எச்சரிக்கை வரும். வாடிக்கையாளர் என்னைச் சந்தேகத்துடன் பார்ப்பார். 2024இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் அந்தப் பிணைப்பைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. அதே ஆண்டு அப்பிளும், ஐபோன் 15 முதல் பாவித்த அசல் பாகங்களை ஏற்க வழிவிடுவதாக அறிவித்தது. உடைந்த போனிலிருந்து எடுத்த நல்ல பாகம் இன்னொரு போனில் முழு மரியாதையுடன் வேலை செய்ய வேண்டும் என்பது எங்கள் நீண்ட நாள் வேண்டுகோள். இந்தத் தெருவின் பிழைப்பே அதில் இருக்கிறது.

இளங்கோ தம்பி, நீர் வாங்கும் ஐபோனின் பற்றரி 80 வீதத்துக்குக் கீழே இருந்தால், புதிய பற்றரியின் விலையை அந்த விலையிலிருந்து கழித்துக் கேளும். அநேகமான கடைகளில் இணங்குவார்கள்.

வாணி, தெஹிவளை

எல்லோருக்கும் நன்றி. 8 ஜிபி நினைவகமுள்ள ஏ வரிசைக் கருவி ஒன்றைத் தெரிவு செய்திருக்கிறேன். ஒரே போனுக்கு இரண்டு விலை சொல்கிறார்கள்: நிறுவன உத்தரவாதத்துடன் ஒரு விலை, ‘கடை உத்தரவாதம்’ என்று கணிசமாகக் குறைந்த இன்னொரு விலை. கடனட்டையில் தவணையாகச் செலுத்தும் வசதி முதலாவதற்கு மட்டும் உண்டு. அம்மாவின் போன் என்பதால் நான் அடிக்கடி கடைக்கு அலைய முடியாது. எதை எடுப்பது?

சுடரோன், வெள்ளவத்தை

நிறுவன உத்தரவாதமுள்ளதை எடுங்கள். விலை வித்தியாசத்தை ஐந்தாண்டுக்குப் பிரித்துப் பார்த்தால் மாதத்துக்கு மிகச் சிறு தொகைதான் வரும். கடை உத்தரவாதம் அந்தக் கடை அதே இடத்தில் இருக்கும்வரைதான். பணம் கொடுப்பதற்கு முன்பு 1909க்கு அனுப்பிப் பார்க்க மறக்க வேண்டாம்.

குறுக்குத்தெரு, புறக்கோட்டை

நானும் அதையே சொல்வேன். வீட்டுக்குக் கொண்டுபோன பின்பு பற்றரிப் பாதுகாப்பு அமைப்பை இயக்கி, மின்னேற்றத்தை 80 வீதத்தில் நிறுத்தி வையுங்கள். வீட்டிலிருக்கும் அம்மாவுக்கு அது தாராளமாகப் போதும். இரவு முழுவதும் தலையணைக்குக் கீழே வைத்து மின்னேற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். தடித்த உறை போட்டிருந்தால், போன் சூடாகும் நேரத்தில் அதைக் கழற்றிவிடுவது நல்லது. பற்றுச்சீட்டைப் படம் எடுத்து உங்கள் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள், சீட்டின் மை ஓராண்டுக்குள் மங்கிவிடும். கண்ணாடித் தாள் ஒட்ட வேண்டுமென்றால் இந்தப் பக்கம் வரும்போது கொண்டுவாருங்கள், ஒட்டித் தருகிறேன்.